நிறுத்தத் தெரிந்த வினையூக்கி



வினையூக்கி என்றால் என்ன என்று எந்த மாணவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ‘தான் மாறாமல் இருந்துகொண்டு வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் பொருள்.’ தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தரும் பதில் அது. ஆனால் தொழிற்சாலைக்கு வினையூக்கி வாங்குகிறவர்கள் வேகத்துக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. வினை எந்தப் படியில் நிற்க வேண்டுமோ அந்தப் படியில் அதை நிறுத்திவைக்கும் திறமைக்குத்தான் பெரிய விலை. எத்திலீன் வாயுவில் கலந்திருக்கும் அசிட்டிலீனை நீக்கும் வேலையில் இந்தத் திறமை பளிச்சென்று தெரியும். அதனால்தான் இன்றைய பேச்சுக்கு அந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன்.

எத்திலீன் நிறமற்ற வாயு. அதை நேரில் கையாண்டவர்கள் இங்கே குறைவாக இருக்கலாம். அதிலிருந்து பிறந்த பொருளைத் தொடாமல் இன்றைய பொழுதைக் கழித்தவர் ஒருவரும் இருக்க முடியாது. காலையில் வாங்கிய பால் உறை, மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, வயலில் ஓடும் சொட்டுநீர்க் குழாய், பாலியெஸ்டர் புடவை, வீட்டுச் சுவருக்குள் போகும் பி.வி.சி. குழாய் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள்களில் ஒன்று எத்திலீன். உலகம் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கும் மேல் இதைத் தயாரிக்கிறது. நம் நாட்டில் பானிபட், ஹால்டியா, பாட்டா, ஹசீரா, தாஹேஜ், ஜாம்நகர், அஸ்ஸாமில் லெப்பேட்காட்டா ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் இருக்கின்றன.

தயாரிப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாப்தாவையோ ஈத்தேனையோ நீராவியோடு கலந்து, உலைக்குள் இருக்கும் நீண்ட குழாய்களில் செலுத்துவார்கள். குழாயை விட்டு வெளியே வரும்போது வாயுவின் வெப்பநிலை 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உள்ளே அது தங்கும் நேரம் அரை விநாடிக்கும் குறைவு. அந்தக் கணப்பொழுதில் பெரிய மூலக்கூறுகள் உடைந்து சிறியவை ஆகின்றன. வந்த வேகத்திலேயே அதைக் குளிர்வித்து, அமுக்கி, கந்தகத்தையும் கரியமில வாயுவையும் காரக் கரைசலால் கழுவி, ஈரத்தை நீக்கி, பூச்சியத்துக்கும் வெகு கீழே குளிரவைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள்.

அவ்வளவு சூட்டில் எத்திலீன் மட்டும் உருவாகி நின்றுவிடுவதில்லை. அதிலிருந்து மேலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கழன்றால் அசிட்டிலீன். வெப்பநிலை ஏற ஏற அசிட்டிலீன் உருவாவது கூடும். எத்திலீனும் ஈத்தேனும் சேர்ந்து வரும் வாயுவில் அது பொதுவாக நூற்றுக்கு அரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரை இருக்கும். பாலித்தீன் செய்யும் ஆலைக்குப் போகும்போதோ, அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்குள் அடங்க வேண்டும். இப்போது பல ஆலைகள் ஒரு பங்குக்குள் கேட்கின்றன.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலித்தீனைக் கட்டியெழுப்பும் வினையூக்கியில் வேலை செய்வது டைட்டேனியம் அணு. இன்றைய நல்ல வினையூக்கிகளில் ஒரு கிராம் டைட்டேனியம் ஒரு டன் அளவுக்குப் பாலித்தீன் தரக்கூடும். ஒரு டன்னை மூலக்கூறாக மாற்றிப் பார்த்தால், ஒரு டைட்டேனிய அணுவின் வாசல் வழியாக ஏறத்தாழ 17 லட்சம் எத்திலீன் மூலக்கூறுகள் போகின்றன. அந்த எத்திலீனில் பத்து லட்சத்துக்கு ஐந்து அசிட்டிலீன் இருந்தால், ஒவ்வொரு டைட்டேனிய அணுவையும் தேடி எட்டு அசிட்டிலீன் மூலக்கூறுகள் வந்து சேரும். அவை அணுவைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கும். பத்து லட்சத்தில் ஐந்து என்பது காதில் விழும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. அந்த அணுவுக்கு அது பெரும் கூட்டம்.

டைட்டேனிய வினையூக்கி பிறந்த கதையிலேயே ஒரு கலப்படம் உண்டு. ஜெர்மனியின் முல்ஹைம் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில், கார்ல் சீக்லரின் குழு அலுமினியச் சேர்மத்தைக் கொண்டு எத்திலீனை நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்தது. ஹோல்ட்ஸ்காம்ப் என்ற மாணவர் செய்த சோதனையில் ஒருமுறை சங்கிலியே வளரவில்லை. இரண்டு எத்திலீன் சேர்ந்த பியூட்டீனோடு வினை நின்றுவிட்டது. காரணத்தைத் தேடிப் போனபோது, எஃகுக் கலனில் தங்கியிருந்த நிக்கல் துளி அகப்பட்டது. துளி நிக்கலே இவ்வளவு செய்யுமானால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகச் சோதித்தார்கள். 1953-இல் டைட்டேனியம் வந்தது. சாதாரண அழுத்தத்திலேயே பாலித்தீன் கிடைத்தது. 1963-இல் சீக்லருக்கும் இத்தாலியின் ஜூலியோ நட்டாவுக்கும் நோபல் பரிசு. பாழாய்ப்போன சோதனை என்று கலனைக் கழுவிக் கவிழ்க்காமல் ‘ஏன்’ என்று கேட்டார்களே, அதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அசிட்டிலீனைக் காய்ச்சி வடித்துப் பிரித்துவிட முடியாதா என்று கேட்கலாம். எத்திலீனின் கொதிநிலை மைனஸ் 104 டிகிரி, ஈத்தேனுடையது மைனஸ் 89, அசிட்டிலீன் மைனஸ் 84-ஐ ஒட்டி. எண்கள் மிக நெருங்கி நிற்கின்றன. அதோடு அசிட்டிலீன் ஈத்தேனோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே கொதிக்கும் இயல்புடையது. டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பானில் கரைத்துப் பிரிக்கலாம். சில ஆலைகள் அப்படியும் செய்கின்றன. ஆனால் அழுத்தத்தில் சேர்த்துவைத்த அசிட்டிலீன் ஆக்சிஜன் இல்லாமலே வெடிக்கும். செம்பைத் தொட்டால் அதோடு சேர்ந்தும் வெடிமருந்தாகும். ஆகவே பெரும்பாலான ஆலைகள் வேறு வழியைத் தேர்ந்தன. அசிட்டிலீனுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொடுத்து, அதையே எத்திலீனாக்கிவிடுவது. அழுக்கை வெளியே கொட்டாமல் சரக்காகவே மாற்றும் இந்த வழி எனக்கு வேதிப்பொறியியலில் மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹைட்ரஜனைச் சேர்க்கும் உலோகம் எத்திலீனுக்கும் அதைச் சேர்த்து ஈத்தேன் ஆக்கிவிடும். பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியே 1897-இல் சக ஆய்வாளர் சென்தரெனோடு சேர்ந்து செய்து காட்டியது அதைத்தான். சூடான நிக்கல் தூளின் மேல் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி ஈத்தேனைப் பெற்றார்கள். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்குப் பெருமை தந்த அதே வினை எத்திலீன் ஆலைக்காரருக்குப் பகை. ஆலையின் வாயுவில் ஓர் அசிட்டிலீன் மூலக்கூறுக்கு எண்பது எத்திலீன் மூலக்கூறுகள் நிற்கின்றன. அந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து ஹைட்ரஜன் கொடுக்க வேண்டும், எண்பதையும் விட்டுவிட வேண்டும். வினையூக்கி நிரப்பிய படுகையின் கடைசிப் பகுதியில் அசிட்டிலீன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோய், ஒன்றைச் சுற்றி லட்சக்கணக்கான எத்திலீன் இருக்கும்போதும் அதே ஒழுங்கு வேண்டும்.

இதைச் செய்யும் உலோகம் பல்லேடியம். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லேடியத்தின் மேற்பரப்பு ஒரு பந்தி. மும்மைப் பிணைப்புள்ள அசிட்டிலீன் அதில் இறுக்கமாக உட்காரும். எத்திலீனின் பிடி தளர்வானது. அசிட்டிலீன் கூடத்தில் இருக்கும்வரை இலை முழுவதையும் அதுவே நிரப்பிக்கொள்ளும், எத்திலீனுக்கு இடம் கிடைக்காது. அசிட்டிலீன் ஹைட்ரஜனை வாங்கி எத்திலீனாக மாறியதும் அதன் பிடி தளரும். அடுத்த அசிட்டிலீன் வந்து அதை எழுப்பிவிட்டு உட்காரும். பல்லேடியம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதற்குப் பாதிக் காரணம் அசிட்டிலீனின் இந்த ஆக்கிரமிப்புதான். அசிட்டிலீன் தீர்ந்து பந்தி காலியானால், எத்திலீன் வரிசையாக வந்து அமரும். அப்போதுதான் ஆபத்து.

மீதிப் பாதிக் காரணம் பல்லேடியத்தின் உட்புறத்தில் இருக்கிறது. இந்த உலோகம் ஹைட்ரஜனை மேற்பரப்பில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை, உள்ளேயும் உறிஞ்சும். தன் பருமனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனைப் பல்லேடியம் விழுங்குவதை 1866-இல் தாமஸ் கிரகாம் அறிவித்தார். உள்ளே சேமித்த அந்த ஹைட்ரஜன் மேலே வரும்போது எதிரில் எது இருக்கிறது என்று பார்க்காது, எத்திலீனையும் ஈத்தேனாக்கிவிடும். பெர்லினில் ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவன ஆய்வாளர்கள் இடம்பெற்ற ஒரு குழு 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு நல்ல விளக்கம் கொடுத்தது. வினை நடக்கும்போது சில அசிட்டிலீன் மூலக்கூறுகள் சிதைந்து, அவற்றின் கார்பன் பல்லேடியத்தின் மேலடுக்குகளுக்குள் புகுந்துகொள்கிறது. அந்தக் கார்பன் உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ஜாடியிலிருந்து எடுத்த பல்லேடியமும் வினைக்கலனில் வேலைசெய்யும் பல்லேடியமும் ஒன்றாக இருப்பதில்லை. ‘தான் மாறாமல்’ என்று நாம் எழுதும் இலக்கணத்துக்கு இது ஒரு நல்ல திருத்தம்.

இவ்வளவும் போதாது என்று, பல்லேடியத்தை வேண்டுமென்றே அடக்கியும் வைக்கிறார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் லிண்ட்லர் பல்லேடியத்தை ஈயத்தால் நஞ்சூட்டி, மும்மைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்பாக மாறியதும் வினை நின்றுவிடும்படி செய்தார். எத்திலீன் ஆலைகளில் அந்தப் பணி வெள்ளிக்கு. வெள்ளி அணுக்கள் பல்லேடிய அணுக்களுக்கு இடையே புகுந்து அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கின்றன. ஹைட்ரஜன் உள்ளே தங்குவதும் குறைகிறது. விலை உயர்ந்த உலோகத்தோடு இன்னொரு உலோகத்தைச் சேர்த்து அதன் வீரியத்தைக் குறைப்பது வீண் என்று தோன்றலாம். இங்கே குறைக்கப்பட்ட வீரியம்தான் சரக்கு.

வினையூக்கி என்றதும் தங்கம்போல் மின்னும் உலோகக் குவியலைக் கற்பனை செய்ய வேண்டாம். சில மில்லிமீட்டர் அளவுள்ள அலுமினா உருண்டைகள். பல்லேடியத்தின் பங்கு பெரும்பாலும் எடையில் நூற்றுக்கு 0.05-க்கும் குறைவு. அதுவும் உருண்டையின் மேலோட்டில், மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி ஆழத்துக்குள் மட்டும். ஆழத்தில் பல்லேடியம் இருந்தால், உள்ளே உருவான எத்திலீன் வெளியேறும் வழியில் மறுபடியும் உலோகத்தைச் சந்தித்து ஈத்தேன் ஆகிவிடும். வழியைச் சுருக்கிவிட்டால் தப்பித்து வந்துவிடும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். அசிட்டிலீன் எத்திலீனாகும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 175 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. எத்திலீன் ஈத்தேனாகும்போது 137. நூற்றுக்கு ஒரு பங்கு அசிட்டிலீன் முழுவதும் மாறினால் வாயுவின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி ஏறும். அதைத் தாங்கலாம், படுகைகளுக்கு இடையே குளிர்விப்பான் வைத்தால் போதும். ஆனால் பந்தி கைமாறி, எத்திலீனில் பத்தில் ஒரு பங்கு ஈத்தேனாக மாறத் தொடங்கினால், வெப்பநிலை 200 டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக ஆகச் சூடு ஏறும். எத்திலீனே சிதையும் நிலைக்குப் போனால் கலனின் எஃகு தாங்காது.

இதைத் தடுக்க இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் ஹைட்ரஜனை முன்பே பிரித்துவிட்டு, அசிட்டிலீனுக்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் அளந்து சேர்ப்பார்கள். ஹைட்ரஜன் தீர்ந்தால் வினையும் தீர்ந்தது. மற்றதில் ஹைட்ரஜனைப் பிரிப்பதற்கு முன்பே வாயு படுகைக்கு வந்துவிடுகிறது. அங்கே ஹைட்ரஜன் வெள்ளமாக இருக்கும். அந்த வெள்ளத்துக்கு அணை போடுவது கார்பன் மோனாக்சைடு. உலையில் தானாக உருவாகி வரும் அந்த வாயு பல்லேடியத்தை எத்திலீனைவிட இறுக்கமாகவும் அசிட்டிலீனைவிடத் தளர்வாகவும் பிடிக்கும். அசிட்டிலீன் வந்தால் எழுந்து இடம் கொடுக்கும், எத்திலீனுக்குக் கொடுக்காது. மனிதரை மூச்சடைக்கச் செய்யும் நச்சுவாயு, இந்த ஆலையில் காவல் நிற்கிறது.

அந்தக் காவல் நிலையாக இருக்காது என்பதுதான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களின் கவலை. உலைக் குழாய்களுக்குள் சிறிதளவு கந்தகச் சேர்மம் செலுத்துவது வழக்கம். அது குழாயின் உலோகத்தை மூடி, கரி படிவதையும் கார்பன் மோனாக்சைடு உருவாவதையும் மட்டுப்படுத்தும். கரி நீக்கிய உலையை மறுபடி இணைக்கும்போதோ, கந்தகம் செலுத்துவதில் தடங்கல் வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு திடீரெனக் கூடும். பல்லேடியம் சோர்ந்துபோகும், அசிட்டிலீன் மாறாமல் தப்பி வெளியே போகும். பணியில் இருப்பவர் அதை ஈடுகட்டப் படுகைக்குள் நுழையும் வாயுவின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுவார். அது சரியான செயல்தான். சிறிது நேரத்தில் கார்பன் மோனாக்சைடு பழைய அளவுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது படுகை சூடாக இருக்கிறது, ஹைட்ரஜன் ஏராளமாக இருக்கிறது, காவல் குறைந்துவிட்டது. ஏற்றிய சூட்டை உடனே இறக்காவிட்டால் எத்திலீன் பற்றிக்கொள்ளும். வெப்பமானிகள் எல்லை தாண்டினால் தானியங்கிப் பாதுகாப்பு வாயுவைத் துண்டித்து, கலனில் இருப்பதை எரிகோபுரத்துக்கு அனுப்பிவிடும். ஆலைக்கு வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கோபுரத்தின் உச்சியில் தீ திடீரென உயர்வது மட்டும் தெரியும்.

இரவுப் பணியில் அந்த அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கும் இயக்குநர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் எத்திலீன் செய்யும் ஆலையில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈத்தேனாகிப் போனால் 10,000 டன் எத்திலீன் போகிறது. அந்த ஈத்தேனை மறுபடி உலைக்கு அனுப்பலாம். ஆனால் ஒருமுறை எரித்த எரிபொருளை மறுமுறையும் எரிக்க வேண்டும், புகைபோக்கியில் கரியமில வாயுவும் மறுமுறை போகும். நல்ல வினையூக்கியும் கவனமான இயக்குநரும் சேர்ந்து மிச்சப்படுத்துவது இதை.

வினையூக்கிக்கு முதுமையும் வரும். அசிட்டிலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தொழிலில் ‘பச்சை எண்ணெய்’ என்று சொல்லும் பிசுபிசுத்த திரவத்தை உண்டாக்கும். அது உருண்டைகளின் துளைகளை அடைக்கும். அப்போது நீராவியும் காற்றும் செலுத்தி எரித்து நீக்குவார்கள். ஆர்செனிக், பாதரசம், கந்தகம் போன்றவை வந்துவிட்டால் கதை வேறு. சில நஞ்சுகளால் போன வீரியம் திரும்பாது.

பல்லேடியம் அரிய உலோகம். ஆகவே மாற்றுத் தேடல் நடக்கிறது. 2008-இல் டென்மார்க்கில் ஸ்டுட், நோர்ஸ்கோவ் குழுவினர் கணினிக் கணக்கு வழியாக, நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை இதே வேலையைச் செய்யக்கூடும் என்று சொல்லி, அதைச் சோதனையிலும் காட்டினார்கள். 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அலுமினியமும் இரும்பும் சேர்ந்த ஒரு சேர்மம் அசிட்டிலீனைத் தெரிந்தெடுத்து மாற்றுவதை வெளியிட்டார்கள். இரும்பும் அலுமினியமும் பல்லேடியத்தின் இடத்தைப் பிடிக்க முனைவதே எனக்குப் பெரிய செய்தி. ஆய்வகக் குழாயில் சில மணி நேரம் ஓடுவதற்கும், ஆலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கும் இடையே உள்ள தூரம் நீண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவான வேலை நடக்கிறது. மணலியிலும் தூத்துக்குடியிலும் உரத்துக்கு அம்மோனியா செய்கிறார்கள். அதற்கு வேண்டிய ஹைட்ரஜனை ஹைட்ரோகார்பனிலிருந்து எடுக்கும் நிக்கல் வினையூக்கிக்குக் கந்தகம் கொடிய நஞ்சு. அதைப் பத்து லட்சத்தில் 0.1 பங்கு அளவுக்குக் குறைக்க வேண்டும். கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி கந்தகச் சேர்மங்களை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும், துத்தநாக ஆக்சைடு அதை விழுங்கிக்கொள்ளும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்குள் இருக்கிறது. அதற்கும் இதே குடும்பத்து வினையூக்கிகள்தான் காரணம்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்ததை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் சொட்டுநீர்க் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும்வரை எத்திலீன் இருக்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி எண்ணெயாக்கி மறுபடி உலைக்கு அனுப்பும் முயற்சிகளில், குளோரின், நைட்ரஜன், சிலிக்கன் என்று புதிய அழுக்குகள் வருகின்றன. அவற்றை நீக்காமல் மறுசுழற்சி ஓரடி நகராது. அங்கேயும் தெரிந்தெடுத்து வேலைசெய்யும் வினையூக்கிகள் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்க ஆய்வு மையம் இருக்கிறது. இந்தத் துறையில் ஆர்வம் உள்ள மாணவர்கள் அங்கே நடப்பதைத் தேடிப் படியுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வினையூக்கிப் பாடம் வரும் நாளில் கரும்பலகையில் இரண்டு வினைகளை எழுதுங்கள்: அசிட்டிலீன் எத்திலீனாவது, எத்திலீன் ஈத்தேனாவது. பக்கத்தில் 175, 137 என்று வெப்பத்தையும் எழுதுங்கள். இரண்டுமே நடக்க விரும்பும் வினைகள் என்று சொல்லிவிட்டு, முதலாவதை நடத்தி இரண்டாவதை எப்படி நிறுத்துவது என்று மாணவர்களைக் கேளுங்கள். விடையை உடனே சொல்லாமல் அந்த வகுப்பு முழுவதையும் அவர்களுக்கே விட்டுக்கொடுங்கள்.